காய்ச்சாத கஷாயம்

மலேரியாவுக்குக் குளோரோகுவின் மாத்திரை இருக்க, வேறு மருந்து எதற்கு என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். ஆனால் 1960-களில் வியட்நாம் போர்முனையில் அம்மாத்திரைக்கு அடங்காத மலேரியா ஒட்டுண்ணி பரவியது. மாற்று மருந்து தேடிய சீன விஞ்ஞானி து யூயூ, சிங்ஹாவ் என்னும் செடியைச் சோதித்தார். (நாம் தலையில் சூடும் மரிக்கொழுந்தும் அதே இனம்தான்.) ஒருமுறை பலித்த சாறு மறுமுறை பலிக்கவில்லை. சுமார் 1,600 ஆண்டுப் பழைய மருத்துவ நூலொன்றைப் புரட்டினார். செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி இருந்ததே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை! நம் பாட்டிமார் கஷாயம் என்றாலே அடுப்பைத்தானே மூட்டுவர்? சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என ஊகித்து, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறு எடுத்தார். 1971 அக்டோபரில், 191-ஆம் மாதிரி எலிகளிடமிருந்த ஒட்டுண்ணிகளை அறவே ஒழித்தது. மனிதருக்கு அது நஞ்சாகுமோ? 1972-இல் அவரும் உடன் பணியாற்றிய இருவரும் தாங்களே முதலில் அதை உட்கொண்டனர். அதன் பின்னரே ஹைனான் தீவு நோயாளிகளுக்குக் கொடுத்தனர், காய்ச்சல் தணிந்தது.