காற்றோடு போகும் மருந்து

கருங்குழி, மதுராந்தகம் வட்டாரத்தில் அறுவடைக் காலத்தில் நெல்லைப் பரப்பி உலர்த்துவது பழகிய காட்சி. பரப்பு கூடினால் ஈரம் விரைவில் நீங்கும் என்பது உழவர் அறிந்த பாடம். மருந்துத் தொழிலில் பயன்படும் தெளிப்பு உலர்த்தியும் இதே விதியில்தான் இயங்குகிறது.

மருந்துக் கரைசலை நுண்துளிகளாகச் சிதறடித்து, வெப்பக் காற்றில் உலர்த்திப் பொடியாக்கும் இயந்திரம் அது. ஒரு லிட்டர் கரைசலை 10 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக்கினால், அவற்றின் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர்; அதாவது இரண்டரை கிரவுண்டுக்கும் அதிகம். எனவே, நொடிப்பொழுதில் உலர்ந்துவிடுகிறது. ஈரம் ஆவியாகும்போது துளி குளிர்வதால், சூடான காற்றிலும் மருந்து எளிதில் கெடுவதில்லை.

1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இம்முறை, பால்பொடித் தயாரிப்பில் வேரூன்றியது. மருந்துக்கு வரும்போதுதான் சிக்கல் எழுகிறது. உள்ளிழுக்கும் மருந்து நுரையீரலின் ஆழத்தை அடைய, துகள் 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். பெரிய துகள் தொண்டையிலேயே தங்கிவிடும். ஆனால், பொடியைக் காற்றிலிருந்து பிரிக்கும் சைக்ளோன் கலன், துகளின் நிறையை நம்பியே செயல்படுகிறது. மிக நுண்ணிய துகள்கள் அதற்குப் பிடிபடாமல் காற்றோடு வெளியேறுகின்றன. விலையுயர்ந்த மருந்தில் இது பெரும் இழப்பு.

அதிர்வுறும் நுண்சல்லடையால் சீரான துளிகளை உருவாக்குவதும், மின்னூட்டத்தால் துகள்களை ஈர்த்துச் சேகரிப்பதும் இதற்கான தீர்வுகள். ஆய்வகத்தில் வென்றுள்ள இவற்றின் உற்பத்தி அளவு குறைவு. தொழிற்சாலை அளவுக்கு உயர்த்த நீண்ட பரிசோதனை தேவை.

செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையிலுள்ள சிறு நிறுவனங்களால் அதைத் தனித்துச் செய்ய இயலுமா? திருத்தப்பட்ட தர விதிகளை நிறைவேற்றவே அவை முதலீட்டைத் தேட வேண்டியுள்ளது. ஆகவே, பொதுப் பரிசோதனை மையமே பொருளாதார நோக்கில் ஏற்றது. 2022-இல் மத்திய அரசு அறிவித்த 500 கோடி ரூபாய்த் திட்டத்தில் இத்தகைய பொது வசதிகளுக்கு இடமளிக்கப்பட்டது. தொழில்நுட்பத் துணைக்குக் கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது.

போட்டி நிறுவனங்கள் தம் ரகசியத்தைப் பொது இயந்திரத்துக்குக் கொண்டுவருமா என்ற ஐயம் நியாயமானதே. மையத்தைக் கல்லூரியின் பொறுப்பில் விட்டு, ரகசியக் காப்பு ஒப்பந்தத்துடன் பரிசோதனைக்கு மட்டும் பயன்படுத்தினால் அந்த ஐயம் குறையும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதே மாவட்டத்தின் திருமணியில் பல நூறு கோடி ரூபாயில் எழுப்பப்பட்ட தடுப்பூசி வளாகம் ஆண்டுக்கணக்கில் உற்பத்தியின்றிக் கிடந்தது. இயந்திரம் வாங்குவதற்கு முன்பே அதை இயக்குவோரும் பயன்படுத்துவோரும் உறுதிசெய்யப்பட வேண்டும். இல்லையேல், மருந்தோடு மக்கள் பணமும் காற்றோடு போகும்.