கோலத்துக்கும் ஒரு கணக்கு

"படம் வரைந்தால் வயிறு நிறையுமா?" எஸ்பிஎம் முடிவு வந்த அன்று அப்பா கேட்டார். தினமும் விடியுமுன்னே பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்து என்னைப் படிக்க வைப்பவர் அவர். அவரிடம் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் கணக்கியல் எடுத்தேன். வரைதாள் புத்தகத்தை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஓவியர் ஜெ. அனுரேந்திரா ஜெகதேவாவைப் பற்றிப் படித்தபோது தெம்பு வந்தது. 1965இல் நம் ஜோகூரில் பிறந்தவர். சட்டம் படித்து, நாளிதழில் பணியாற்றி, ஓவியத்தையும் விடாமல் வளர்த்தவர். குடும்பம், புலம்பெயர்வு, அரசியல் எனப் பலவற்றையும் தீட்டுகிறார். நாம் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடும் அவசரத்தில் கவனிக்காத மணவறையின் பெயரையே தம் படைப்பொன்றுக்குச் சூட்டியிருக்கிறார்.

சென்ற தீபாவளிக்கு ஒரு கடை வாசலில் வண்ண அரிசிக் கோலம் போட்டேன். ஆறு மணி நேரம் குனிந்தே இருந்தேன். "சின்னக் கோலம்தானே தங்கச்சி, இதற்குமா காசு?" என்றார் கடைக்காரர். அரிசி, சாயம், பேருந்துக் கட்டணம் போக மிஞ்சியது 12 ரிங்கிட்.

அன்றிரவு முதன்முறையாகக் கணக்கியல் பாடம் எனக்கு உதவியது. பொருள் செலவு, உழைத்த நேரம், முன்பணம் என விலைப்பட்டியல் எழுதினேன். இப்போது பாதிப் பணம் வந்த பிறகே அரிசிக்குச் சாயம் ஏற்றுகிறேன். தோழர்களே, கலையை இலவசமாகக் கொடுப்பது பணிவு ஆகாது.

போன வாரம் அப்பா கேட்டார்: "அந்தக் கல்யாணக் கோலத்துக்கு மீதிக் காசு வந்துவிட்டதா?"