தொப்புள்கொடிக் குருதியும் தனியார் வங்கிகளும்

மகப்பேற்றுக்குப்பின் கழிவென எறியப்பட்டுவந்த தொப்புள்கொடியின் குருதியில், இரத்த அணுக்களை உண்டாக்கவல்ல 'ஸ்டெம் செல்' எனும் மூல உயிரணுக்கள் உள்ளன. 1988இல் பாரிஸ் நகரில் எலியான் குளுக்மன் குழுவினர், ஃபான்கோனி இரத்தசோகையுற்ற சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடிக் குருதியைச் செலுத்தி வெற்றி கண்டனர். இங்குக் கருதத்தக்கது, அக்குருதி அவனுடையதன்று என்பதே. மரபுவழி நோயின் குறை நோயாளியின் சொந்தக் குருதியிலும் இருக்குமாதலால் அது பயன்படாது. எனினும் நம் நாட்டில் தனியார் வங்கிகள், குழந்தையின் எதிர்காலக் காப்பீடு என்று கூறிப் பெற்றோரிடம் பெருந்தொகை பெறுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதனைப் பரிந்துரைக்கவில்லை. நஞ்சுக்கொடி, பனிக்குடநீர் ஆகியவற்றை வணிக நோக்கில் சேமிக்க இசைவும் தரவில்லை. உடன்பிறந்த குழந்தைக்கு இத்தகு நோய் இருப்பின் சேமித்தல் வேறு. ஏனைய குருதி பொது வங்கிக்கு ஈயப்பட்டாலன்றி, பொருத்தமான கொடையாளரின்றித் தவிக்கும் நோயாளிக்கு அது எட்டாது.