சில்லு பூட்டின வாடி

செருப்பைக் கழற்றாமல் வாங்க. வளவு முழுக்க ரிவெட் ஆணியும் ஒயர்த் துண்டும் சிந்திக் கிடக்கின்றன. மாமரத்துக்குக் கீழே, கதவுகளையெல்லாம் விரியத் திறந்துபோட்டு வாய் பிளந்து நிற்கிறதே, அதுதான் ஆள். 1994ஆம் வருடத்து மிட்சுபிஷி டெலிக்கா. டீசல். ஃபோர்வீல். எங்களிடம் வந்தபோது அது எத்தனையாவது கை என்று வாகனப் புத்தகத்தில் எழுதியிருக்கும். நாங்கள் பார்ப்பதில்லை, மனம் நோகும்.

இது சாய்ந்தமருதில் என் ராத்தாவின் வீடு. மூன்று மாதமாக இங்கே உடுப்புக் காயப்போட இடமில்லை, பேச வேறு கதையுமில்லை. பெருநாள் முடிந்த கையோடு மச்சான், ராத்தா, இரண்டு பிள்ளைகள், எங்கள் உம்மா என்று ஐந்து பேரும் பாணமைப் பக்கம் காட்டோரம் போய் மூன்று இரவு தங்கப்போகிறார்கள். புறப்படுமுன் ஒருக்கா எட்டிப் பார்த்து எழுதலாம் என்றுதான் நான் போனேன். போய் ஐந்து நிமிடம் ஆகவில்லை, "சும்மா இரிக்கிற கைய இதுல வைங்க மச்சான்" என்று மச்சான் அரத்தாளைத் தந்துவிட்டார்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடிக்க விடுங்கள். 'டெலிவரி கார்' என்ற இரண்டு சொல்லைச் சுருக்கித்தான் ஜப்பான்காரர் டெலிக்கா என்று பேர் வைத்தார்கள். சாமான் ஏற்றப் பிறந்த பிள்ளை. ஆனால் இந்த ஃபோர்வீல் வகைக்குள் இருப்பது பஜெரோவில் ஓடிய அதே 4டி56 இன்ஜின், 2,477 சிசி. அதுவும் எங்கே இருக்கிறது தெரியுமா? முன் ஆசனங்களுக்கு அடியில்! எண்ணெய் பார்க்க வேண்டுமானால் ஆசனத்தைத் தூக்க வேண்டும். தூரப் பயணத்தில் ஓட்டுகிறவரின் பின்பக்கம் புட்டுப்பானை மாதிரி வேகும். மூடிக்கு உட்புறம் வெப்பம் தடுக்கும் வெள்ளித்தாள் விரிப்பை ஒட்டியதுதான் மச்சான் செய்த முதல் வேலை. சொந்த நலம் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

பழையதை ஏன் வாங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கும்வரை இலங்கையில் பழைய வேன்தான் தங்கம். ஓடாமல் கோழிக் கூடாகக் கிடந்தவையும் குளித்து முழுகி றோட்டுக்கு வந்தன. எங்கள் டெலிக்கா அதற்கும் ஒரு படி மேல். அறுகம்பைப் பக்கம் அலைச்சறுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றித் திரிந்ததால் உள்ளே கட்டிலும் கைகழுவும் தொட்டியும் ஏற்கனவே இருந்தன. ஆக வாங்கும்போதே அது கேம்பர் வேன். காட்டக்கூடிய இடமெல்லாம் பளபள. காட்டாத இடம் கார்ப்பெட்டுக்குக் கீழே இருந்தது. அதைக் கிழித்த அன்று, தரையில் ஒரு சாண் ஓட்டை வழியாக வீட்டுக் கோழி ஒன்று எங்களை அண்ணாந்து பார்த்தது. இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

கடற்கரை ஊரில் துரு வீட்டு மருமகன் மாதிரி, வந்தால் போகாது. (இதைச் சொன்னபோது மச்சான் சிரிக்கவில்லை.) டிங்கர் பாஸ் வந்து அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினார். அடிப்பக்கம் முழுக்கப் பழைய இன்ஜின் ஒயில் பூசினார்கள். வளவு மூன்று நாள் கராஜ் போல நாறியது.

அதன் பிறகுதான் கூத்தே. இந்த வேனை எந்த நிறுவனமும் செய்யவில்லை, ஊர்தான் செய்தது. படுக்கைப் பலகைக்கு ஓடாவியார். கூரையில் காற்றுவாரி வைக்க 14 அங்குலச் சதுரத்தில் ஓட்டை போட வேண்டும் என்றதும் மூன்று பாஸ்மார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நல்ல கூரையில் ஓட்டை போடுவது பாவம் என்பது அவர்கள் கட்சி. கடைசியில் வந்தவர் ஃபைபர் படகு திருத்துகிறவர். "கடல் தண்ணியவே உள்ளுக்கு உடாத கை இது, மழத்தண்ணி என்ன!" என்று சொல்லிப் பென்சிலால் கோடு போட்டு விர்ரென்று அறுத்துவிட்டார். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதினாள். அவர் ரெசினில் ஹார்ட்னரைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டதைப் பார்க்க வேண்டும், கண் டாக்டர் மருந்து ஊற்றுகிற மாதிரி. வெயில் ஏற ஏறச் சொட்டைக் குறைக்க வேண்டுமாம். கூடினால் பேணியிலேயே சூடேறிப் புகைந்துவிடும். காலை ஏழு மணிக்கு ஒரு கணக்கு, பத்து மணிக்கு வேறு கணக்கு.

கூரைக்குள் வெப்பம் இறங்காமலிருக்க ரெஜிபோம். மீன்காரர் ஐஸ் பெட்டிக்கு அதைத்தானே வைக்கிறார்கள், மனிதருக்கும் ஆகும் என்று நானே யோசனை சொன்னேன். சொன்னது சரி. செருப்புக்கடை ரப்பர் கம்மில் ஒட்டலாம் என்று சேர்த்துச் சொன்னதுதான் பிழை. கம் பட்ட இடமெல்லாம் ரெஜிபோம் சீனிப்பாகு போல உருகி, பால்ரொட்டி ஓட்டையாகக் குழிந்து போயிற்று. அந்தக் கம்மிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்னும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? பலகை ஒட்டும் வெள்ளைப் பசையால் இரண்டாம் முறை ஒட்டினார்கள், நான் இல்லாத நேரமாகப் பார்த்து.

திரைச்சீலை மருதமுனைக் கைத்தறி. வேறென்ன? பக்கத்து ஊரில் தறி ஓடும்போது தென்னைமரப் படம் போட்ட பழைய நைலோன் துணியைத் தொங்கவிட ராத்தாவுக்குப் பைத்தியமா? ஓரத்தில் சின்னச் சின்னக் காந்தத்தை வைத்துத் தைத்திருக்கிறாள். இழுத்துவிட்டால் தகட்டில் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். சின்னவன் அதைக் கழற்றி ஒட்டிக் கழற்றி ஒட்டியே ஒரு பின்னேரம் போயிற்று. எனக்கும்தான்.

நடுவிலிருந்த மூவர் ஆசனத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஐந்து பேர் போவதென்றால் ஐந்து இருக்கை, ஐந்து பெல்ட். கட்டிலில் படுத்துக்கொண்டு போகலாம் என்று பிள்ளைகள் கேட்டதற்கு ராத்தா ஒரு பார்வை பார்த்தாள், மனு தள்ளுபடி.

இனி மின்சாரம். த்ரீவீலுக்கு ஒயரிங் செய்கிற தம்பி ஒருவர் இரண்டு நாள் வந்தார். முதல் நாள் மாலை, படிக்கும் விளக்கின் சுவிச்சைப் போட்டால் ஹோன் அடித்தது. உம்மா குர்ஆன் ஓதத்தான் அந்த விளக்கு என்பதால் இது அவசரப் பிரச்சினையாகி இரவோடிரவாகத் தீர்ந்தது. கணக்கை மச்சான் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார். கூரையில் 200 வாட் பேனல் இரண்டு. எங்கள் வெயிலுக்கு, இழப்புப் போக, ஒரு நாளைக்கு 1,300 வாட்-மணி அளவுக்கு வரும். 12 வோல்ட் பிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடிச் சுமார் 500 தின்னும். மின்விசிறி இரண்டும் இரவு முழுக்கச் சுற்ற 300. விளக்கும் போனும் கொசுறு. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பெட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி நிற்கும். ஆக ஒரு நாள் மழை மூடினாலும் மீன் கெடாது. பழைய ஈயப் பெட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதற்குள் செத்துவிடும்; அதனால்தான் காசு போனாலும் லித்தியம்.

இதைவிடப் பெரிய கணக்கு தண்ணீர். தாங்கி 80 லீற்றர், அதாவது 80 கிலோ. அதைக் கூரையில் ஏற்றினால் வளைவில் வேன் ஆடும் என்று நடுத் தரையில், சில்லுகளுக்கு இடையில் கிடத்தியிருக்கிறார்கள். சமைக்க, குடிக்க, கழுவ எல்லாம் போட்டுப் பார்த்தபோது ராத்தா கேட்டாள்: "வுளூவுக்கு?"

வளவே அமைதியாயிற்று.

குழாயைத் திறந்துவிட்டு வுளூ எடுத்தால் ஒருவருக்கு எப்படியும் மூன்று லீற்றர். தொழுகிறவர் நால்வர், நாளைக்கு ஐந்து வக்து: 60 லீற்றர்! ஒரே நாளில் தாங்கி காலி. உம்மாதான் முடிச்சை அவிழ்த்தார். ரஸூலுல்லாஹ் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுளூ செய்தார்கள் என்று ஹதீஸில் இருக்கிறதே, இரண்டு கையாலும் அள்ளுகிற அளவுதானே அது, ஒரு லீற்றர்கூட வராதே என்றார். ஜக்கில் முக்கால் லீற்றரில் கோடு கீறிப் பரீட்சை நடந்தது. பெரியவன் முதல் முறை முழங்கையோடு தோற்றான், மூன்றாம் முறை கால் வரை வந்தான். ஐந்து வக்துக்கு 15 லீற்றர். பாணமைக்கு அப்பால் போனால் பயணத் தொழுகைக்குரிய தூரமும் தாண்டிவிடும், சேர்த்துத் தொழலாம், இன்னும் குறையும். வெளிநாட்டுக் கேம்பர் வேன் புத்தகம் ஒன்றிலும் இந்த அத்தியாயம் இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

சமையல் பெட்டி பின்கதவைத் திறந்தால் இழுபடுகிற லாச்சி. 2.3 கிலோ காஸ் சிலிண்டர் அதற்குள் தனி அறையில். அந்த அறையின் அடியில் ஓட்டை போட்டிருப்பதைப் பார்த்து நான் மறுபடி துரு என்று நினைத்தேன். இல்லை, காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையோடு தங்கும், அது கீழால் வெளியேறத்தான் வழி. பெட்டியை அப்படியே கழற்றி வீட்டுக் குசினியிலும் வைக்கலாம். ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இல் வொக்ஸ்வாகன் வேனுக்குச் செய்த முதல் கேம்பிங் பெட்டியும் இப்படிக் கழற்றிப் பூட்டுகிற வகைதான். அதை ராத்தாவிடம் சொன்னேன். "அவங்களுக்கும் வீட்டுல இடமில்லயாக்கும்" என்றாள்.

உண்மையில் எங்கள் ஆட்களுக்குக் காட்டில் தங்குவது என்ன புதுசா? தவளம் என்று மாட்டில் பொதி ஏற்றி உப்பும் கருவாடும் கண்டிப் பக்கம் கொண்டுபோன வியாபாரிகள் வழியெல்லாம் தங்கித்தானே போனார்கள். வட்டைக்குள் வாடி கட்டி, வேளாண்மை வெட்டும்வரை யானைக்கும் பன்றிக்கும் காவல் கிடந்தவர் எங்கள் வாப்பா. உம்மா இந்த வேனை ஒருநாளும் வேன் என்று சொன்னதில்லை. "மருமகன்ட வாடி" என்றுதான் சொல்கிறார். எங்கள் தலைமுறைக்குத்தான் காடு கை விட்டுப் போயிற்று. யுத்த காலத்தில் குமண காடு பல வருடம் மூடிக் கிடந்தது, பொத்துவில் தாண்டுவதென்றாலே வீட்டில் நேர்ச்சை வைப்பார்கள். மச்சான் நாற்பத்தைந்து வயதில் முதன்முதலாகக் காட்டோரம் படுக்கப்போகிறார். அதுதான் இந்தத் துள்ளல்.

போகிற வழி நேர் தெற்கு: காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை. அங்கிருந்து உகந்தை முருகன் கோயில்வரை மணலும் கிரவலும். அதற்கப்பால் குமண தேசிய பூங்கா. உள்ளே முகாம் போட வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டிப் பதிய வேண்டும், நினைத்த இடத்தில் பாய் விரிக்க முடியாது. யானைக்கு அரிசி, நெல், உப்பு, பழம் எல்லாவற்றின் வாசமும் தெரியும், சுவரையே இடித்துத் தின்ற கதைகள் எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அதனால் பழம் வேனில் ஏறாது. அரிசி இறுக்க மூடிய பேணியில். சாப்பாடு வெயில் சாயுமுன் முடிந்து, சட்டி கழுவிக் கவிழ்ந்துவிடும்.

மணல் பரீட்சை போன வியாழன் எங்கள் கடற்கரையிலேயே நடந்தது. ஃபோர்வீல் லீவரைப் போட்டார், உறுமினார், ஐந்து யார் போனார், அச்சுவரை புதைந்தார். டயரில் காற்று 40இல் நின்றது, இறக்க மறந்துபோய்! கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை முடித்துவிட்டு இருபது பேராக வந்தார்கள். கயிற்றைப் பின் கொக்கியில் கொளுவி, அதே ஏலேலோவோடு டெலிக்காவையும் ஒரு மீன்மடியைப்போல் கரையேற்றினார்கள். "என்ன காக்கா, இதுல கீரியா சூடையா?" என்று ஒருவர் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு காற்றை 20க்கு இறக்கி, டயர் ஒட்டகப் பாதம் போலப் பரந்ததும், அதே மணலில் வழுக்கிக்கொண்டு போயிற்று. இப்போது ஸ்டியரிங்கில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: 'முதலில் காத்து'. றோட்டில் ஏறியதும் திரும்ப அடிக்க 12 வோல்ட் கம்பிரசர் ஆசனத்துக்குப் பின்னால்.

கடைசி ஒத்திகை நேற்றிரவு. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கடற்கரையில் ஒரு இரவு. நிறுத்தும்போது உம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வேனின் முகம் றோட்டைப் பார்க்க வேண்டும், முதுகு கடலைப் பார்க்க வேண்டும், சாவி அதிலேயே இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த ஊரில் இதற்குக் காரணம் கேட்பாரில்லை. மச்சான் மெல்லத் திருப்பி நிறுத்தினார். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் அந்த முகம் ஏறக்குறைய கிப்லாவுக்கும் நேராக இருந்தது, சற்றே வடக்கே சரித்தால் போதும்.

"காத்து எப்பிடி வருதெண்டு பாப்பம்" என்று உம்மா முதல் ஆளாக ஏறினார். விசிறியைப் போட்டார். திரைச்சீலைகள் டப், டப், டப் என்று ஒட்டின. கதவை இழுத்து உள்கொக்கியையும் போட்டார். பத்து நிமிடத்தில் குறட்டை கேட்டது. தட்டி எழுப்ப யாருக்கும் தைரியமில்லை. மூன்று மாதம் உழைத்த மச்சானும், காந்தம் தைத்த ராத்தாவும், இரண்டு பிள்ளைகளும், நானும் வெளியே மணலில் பன்பாய் விரித்து நுளம்போடு படுத்தோம்.

சுபஹு பாங்குக்குச் சற்று முன் கதவு திறந்தது. "மருமகன், ஒரு ஜக்கு எடுத்திட்டன். மிச்சத்தக் குறிச்சு வைங்க."

மச்சான் எழுந்து, டோர்ச்சை அடித்து, தாங்கியின் பக்கக் குழாயைப் பார்த்தார். பென்சில் கோட்டிலிருந்து ஒரு நெற்கனம்தான் இறங்கியிருந்தது.