ஆயிரம் மடங்கு தவறு

‘பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும் என்று மாணவர்களுக்குக் கண்ணெதிரே காட்ட முடியுமா?’ என்று மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். முடியும்.

பைரோலை நீரில் கரைத்து வடிதாளை நனையுங்கள். அதன்மேல் ஃபெரிக் குளோரைடு கரைசலை விடுங்கள். தாள் கறுக்கும். அந்தக் கறுப்புதான் பாலிபைரோல் என்னும் பிளாஸ்டிக். கழுவி உலர்த்தி, மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தால், வெறும் தாளைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பைரோலை ஆசிரியரே கையாளட்டும்.

ஃபெரிக் குளோரைடு இங்கே இரண்டு வேலை பார்க்கிறது: பைரோலைச் சங்கிலியாகக் கோக்கிறது, அந்தச் சங்கிலியிலிருந்து சில எலெக்ட்ரான்களைப் பறிக்கவும் செய்கிறது. சிறு வயதில் மண்ணெண்ணெய் வரிசையில் நெருக்கியடித்து நின்றிருக்கிறேன். முன்னால் ஒருவர் விலகினால் அடுத்தவர் அங்கே நகர்வார், அவர் இடத்துக்கு இன்னொருவர். காலியிடம் வரிசையின் கடைசிவரை போய்விடும். எலெக்ட்ரான் பறிபோன காலியிடமும் சங்கிலியில் அப்படித்தான் நகர்கிறது; அதுவே மின்னோட்டம்.

மின்கடத்தும் பிளாஸ்டிக் துறை பிறந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1967-இல் டோக்கியோவில் ஹிதேகி ஷிரகாவா பணியாற்றிய ஆய்வகத்தில் பாலிஅசிட்டிலீன் என்னும் பிளாஸ்டிக்கைத் தயாரித்தவர், வினையூக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு சேர்த்துவிட்டார். வரவேண்டிய கறுப்புத் தூளுக்குப் பதில் வெள்ளிபோல் மின்னும் படலம் வந்தது. ஷிரகாவா அதைக் கொட்டிவிடவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று தேடினார். ஆனாலும் மின்னிய அந்தப் படலம் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தவில்லை. பின்னர் அமெரிக்காவில் ஆலன் மெக்டயார்மிட், ஆலன் ஹீகர் இருவருடன் சேர்ந்து அதில் அயோடினை ஏற்றியபோது கடத்துதிறன் கோடி மடங்கு உயர்ந்தது. 1977-இல் கட்டுரை வெளியானது. 2000-இல் மூவருக்கும் நோபல் பரிசு.

நான் படித்த பள்ளியில், சோதனை செய்யுமுன்பே ரெக்கார்டு நோட்டில் விடையை எழுதிவிடுவோம். வேறு விடை வந்தால் சிவப்பு மையில் அடி விழும். அந்த வகுப்பில் வெள்ளிப் படலம் தோன்றியிருந்தால் சாக்கடைக்குத்தான் போயிருக்கும். நம் பிள்ளைகளின் கைக்குச் சோதனைக் குழாய் போவதே அரிது. போனாலும் தவறு செய்ய அனுமதி இல்லை.

ஆனால், நோபல் பெற்ற ஷிரகாவாவே டோக்கியோவின் மிராய்கன் அறிவியல் அருங்காட்சியகத்தில் மாணவர்களோடு நின்று மின்கடத்தும் பிளாஸ்டிக் சோதனைகளைச் செய்துகாட்டினார்.

ஆசிரியை அவர்களே, ஒரு மாணவியின் தாள் கறுக்காமல் போனால் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஏன் கறுக்கவில்லை என்று அவள் தேடுவதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.