முதிர்ந்த வயதில் அறியப்படும் ஆட்டிசம்

சில நிலைமைகள் மனிதருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகின்றன. எனினும் அவற்றின் பெயர் நாற்பது, ஐம்பது வயதிலேதான் அவருக்குத் தெரியவருகிறது. ஆட்டிசம் அத்தகையது. பெரியவர் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டென மருத்துவர் கூறுவாராயின், புதிய நோய் ஒன்று அவரைப் பற்றிக்கொண்டது எனக் கருதலாகாது. மூளை வளர்ச்சியில் இளமைமுதலே இருந்துவந்த வேறுபாடு அப்பொழுதுதான் கண்டுகொள்ளப்படுகிறது. இது பெரும்பாலும் மரபுக் கூறுகளைச் சார்ந்தது. பெற்றோரின் வளர்ப்புக் குறையால் விளைவதன்று.

கணக்கர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பேரேட்டில் ஒரு பைசாப் பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் உடன் பணிபுரிவோர் வேடிக்கையாகச் சொன்னதை அவர் மெய்யென்றே கொள்வார். உரையாடலில் தாம் எப்பொழுது பேசவேண்டும் என்பது அவருக்கு விளங்காது. திருமண மண்டபத்தின் மேள ஓசை அவரை வருத்தும். அன்றாட ஒழுங்கு சிறிது மாறினும் மனம் கலங்கும். பிறர் இயல்பாகச் செய்வதை அவர் கூர்ந்து நோக்கி, மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்த்துச் செய்கிறார். இம்மறைப்பு பெண்களிடம் மிகுதி என ஆய்வாளர் கூறுவர். வெளியே ஒன்றும் தெரிவதில்லை. உள்ளே களைப்பு மட்டும் சேர்ந்துகொண்டே வருகிறது.

இத்தகையோர் இளமையில் அறியப்படாதது ஏன்? 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்கு பேசக்கூடிய சிறுவரிடமும் ஒத்த இயல்புகளைக் கண்டு எழுதினார். ஜெர்மன் மொழியில் அமைந்த அக்கட்டுரை, 1981இல் லோர்னா விங் அதனை எடுத்துரைத்த பின்னரே ஆங்கில உலகில் பரவலாயிற்று. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இவற்றையெல்லாம் ஒரே நிறமாலைக்குள் சேர்த்தது. ஆகவே 1970களில் பள்ளி சென்ற, பாடத்தில் தேர்ந்த குழந்தையிடம் ஆட்டிசம் உண்டென ஐயுறுவார் அரியர். ‘கூச்சம்’, ‘பிடிவாதம்’, ‘தலைக்கனம்’ என்னும் பெயர்களே அதற்குக் கிடைத்தன.

நம் நாட்டில் இத்துறைக்கு ஐதராபாத் நகரத்தின் பங்கு பெரிது. அதன் இரட்டை நகரமான செகந்திராபாத்தில், மனோவிகாஸ் நகரில், மத்திய அரசின் தேசிய நிலையம் ஒன்று 1984இல் நிறுவப்பட்டது. அறிவுசார் குறைபாடுடையோருக்கான இந்நிலையமே இந்திய ஆட்டிச அளவுகோலை உருவாக்கியது. அதில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 70ஐ எட்டினால் ஆட்டிசம் எனக் கொள்வர். மேலும், 2018இல் வெளியான ஐந்து இடங்களின் கணக்கெடுப்பில் ஐதராபாத்தும் ஒன்று. ஆயினும் அக்கணக்கெடுப்பு 2 முதல் 9 வயதுவரை உள்ள குழந்தைகளையே நோக்கியது. அவர்களுடைய பெற்றோர், பாட்டனார் தலைமுறைகளில் இவ்வியல்பு உடையோர் எத்தனை பேர் என்பதை அது ஆராயவில்லை.

பெரியவரிடம் இதனைக் கண்டறிதல் எளிதன்று. இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ இது புலப்படாது. வினாப்பட்டியலை நிரப்பிப் பார்ப்பது ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது. மனக்கவலை, எண்ணச் சுழற்சி நோய், கவனக்குறைவு ஆகியவற்றிலிருந்து இதனைப் பிரித்தறிய வேண்டும். சிலரிடம் இவை ஆட்டிசத்துடன் சேர்ந்தும் இருக்கும். அனைத்திற்கும் மேலாக, இயல்புகள் இளமையிலேயே தோன்றினவா என மருத்துவர் அறிதல் வேண்டும். குழந்தை எப்பொழுது பேசியது, எவருடன் விளையாடியது, எந்த ஓசைக்கு அஞ்சியது என்பவற்றைத் தாயோ மூத்த உடன்பிறந்தாரோ சொல்லவேண்டும். பழைய பள்ளி அறிக்கைகளும் உதவும். மருத்துவருக்கு வேண்டிய முதன்மைச் சான்று வீட்டு மூத்தோரின் நினைவிலேயே உள்ளது. மூத்தோர் மறைந்தால் அச்சான்றும் மறைந்துவிடும். தாமதத்தின் பெருங்கேடு இதுவே.

ஐம்பது வயதில் பெயர் அறிந்து பயன் யாது எனச் சிலர் வினவலாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், முதிர்ந்த வயதில் ஆஸ்பெர்கர் நிலை கண்டறியப்பட்ட 374 பேரில் 66 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் தமக்கு நேர்ந்ததுண்டு எனக் கூறினர். காரணம் அறியாது தம்மையே பழித்துக்கொள்ளும் வாழ்வின் பாரம் இத்தகையது. அத்தகைய எண்ணம் எழுமாயின், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் தயங்காது அழைக்கலாம்.

ஆட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை, மாற்றப்படவேண்டியது சூழலே. அமைதியான இருக்கை, எழுத்து மூலமான கட்டளை, முன்னறிவிப்புடன் கூடிய மாற்றம் ஆகியவை செலவின்றிச் செய்யத்தக்கவை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்று, அரசுப் பணியில் பிற சில வகைகளுடன் சேர்த்து 1 விழுக்காடு இடமும் ஒதுக்கியுள்ளது. இச்சட்டம் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. தம் வாழ்நாள் முழுவதும் தம்மிடம் ஏதோ குறையுள்ளது என எண்ணி வந்தவர், மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ நாடுவதில் நாணம் கொள்ளவேண்டியதில்லை. செல்லும்போது, தம் இளமையை அறிந்த மூத்தோர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம்.