கிளட்ச் மிதி இல்லாத பிக்கப்: பெட்டியை அறிதலும் பழுதை அறிதலும்

சிவகாசியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளையும் காலண்டர் கட்டுகளையும், விருதுநகர் மண்டிகளிலிருந்து மல்லி, வத்தல், பருப்பு மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே கிளட்ச் வண்டிகள். 2005-இல் வந்து ‘குட்டி யானை’ என்று பெயரெடுத்த டாடா ஏஸ், 2011-இல் ஓசூரிலிருந்து வரத் தொடங்கிய அசோக் லேலண்ட் தோஸ்த், ஊருக்கு ஊர் நிற்கும் மகிந்திரா பொலேரோ பிக்கப் என எதை எடுத்தாலும் டிரைவரின் இடது கால் கிளட்சில்தான் இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப்புகள் இந்த வட்டாரத்துக்குப் புதிய வரவு. ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசூசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்குடன் கிடைக்கின்றன. இவை பெரும்பாலும் லோடு அடிப்பதற்காக வாங்கப்படுபவை அல்ல. ஆலைக்கும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பொதுவாக ஓடுபவை. ஆனாலும் பின்னால் தொட்டி இருக்கிற வண்டி சும்மா ஓடாது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மூட்டை ஏறும்.

இந்தப் பக்கத்துப் பட்டறைகளின் கைத்தேர்ச்சி முழுக்கக் கிளட்ச் வண்டியில் வளர்ந்தது. ஓட்டுபவரின் பழக்கமும் அப்படியே. கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது, இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது, கையில் இருக்கும் கியர் ஆயிலை ஊற்றுவது ஆகியவற்றைக் கிளட்ச் வண்டி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆட்டோ கியர் பெட்டி பொறுக்காது. அதன் பழுதுகளில் கணிசமானவை இந்தப் பழக்கங்களிலிருந்தே தொடங்குகின்றன.

ஏன் பொறுக்காது என்பதற்கு உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் தட்டுக்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. எண்ணெய் நிரம்பிய உருண்டைக் கூட்டுக்குள் இரண்டு இறக்கைச் சக்கரங்கள் எதிரெதிராக நிற்கும். இன்ஜினோடு சுற்றும் சக்கரம் எண்ணெயை விசிறியடிக்க, அந்த வேகத்தில் மற்றது சுற்றும். நடுவிலுள்ள ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி, வண்டி கிளம்பும் நேரத்தில் முறுக்கு விசையை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை கூட்டுகிறது. கப்பல்களுக்காக ஜெர்மன் பொறியாளர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஓட்டம் சீரானதும் எண்ணெய் வழியே போகும் விசை வீணாகாமலிருக்க, லாக்-அப் கிளட்ச் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும்.

அதற்குப் பின்னால் கோள் பற்சக்கரத் தொகுதிகள். ஒரு நடுப்பல், அதைச் சுற்றிவரும் சிறு பற்கள், வெளியே ஒரு வளையப்பல். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து கியர் விகிதம் மாறும். பிடிப்பதும் விடுவதும் எண்ணெயில் ஊறிய பல தட்டுக் கிளட்சுகளின் வேலை. அவற்றை அழுத்துவது எண்ணெய் அழுத்தம். அந்த அழுத்தத்தைப் பங்கிடுவது வால்வ் பாடி. அதன் சோலினாய்டுகளுக்கு உத்தரவிடுவது கம்ப்யூட்டர். ஆக, ஒரே எண்ணெய்தான் விசை கடத்துகிறது, கிளட்சை அழுத்துகிறது, உராய்வைக் குறைக்கிறது, சூட்டையும் வெளியே கொண்டுபோகிறது. அதன் பம்ப் சுற்றுவதோ இன்ஜின் ஓடும்போது மட்டும். இன்ஜின் அணைந்த வண்டியைப் பின்சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுத்தால் உள்ளே பற்கள் சுற்றும், எண்ணெய் போகாது. சில கிலோமீட்டரிலேயே புஷ் தேய்ந்து பெட்டி கண்டமாகிவிடும். இழுத்து ஸ்டார்ட் செய்வதும் நடக்காது. அழுத்தம் இல்லாத கிளட்ச் எதையும் பிடிக்காது.

‘ஆட்டோ கியர் இழுவைக்கு ஆகாது’ என்ற பட்டறைப் பேச்சுக்கு ஹைலக்ஸ் நல்ல பதில். ஒரே 2.8 லிட்டர் டீசல் இன்ஜின், கிளட்ச் வண்டியில் 420 நியூட்டன் மீட்டரும் ஆட்டோமேட்டிக்கில் 500-ம் தருமாறு அமைக்கப்பட்டிருக்கிறது.

பழுது பார்க்கும் முன் பெட்டி எது என்று தெரிய வேண்டும். கியர் குச்சியில் ‘பி’ என்ற பார்க்கிங் நிலை இருக்கிறதா என்பது முதல் அடையாளம். கார்களில் பரவிவிட்ட ஏ.எம்.டி. வகை, சாதாரணக் கிளட்ச் பெட்டியின் மேல் தானியங்கிக் கை ஒன்றைப் பொருத்தியதுதான், பெரும்பாலான ஏ.எம்.டி. வண்டிகளில் ‘பி’ இருக்காது. டார்க் கன்வர்ட்டர் பெட்டியில் ‘பி’ இருக்கும். பெட்டியிலிருந்து ரேடியேட்டர் பக்கம் போகும் இரண்டு எண்ணெய்க் குழாய்களும் பல வண்டிகளில் கண்ணில் படும். டாடா ஏஸின் மின்சார வண்டியிலும் கிளட்ச் மிதி கிடையாது. ஆனால் அதில் மாற்றுவதற்குக் கியரே இல்லை என்பதால் இந்தக் கதை அதற்குப் பொருந்தாது.

அடுத்தது பெட்டியின் பெயர். ஆர்.சி.யில் சேஸிஸ் எண் இருக்கும், கியர் பெட்டியின் பெயர் இருக்காது. 17 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணைக் கம்பெனி டீலரின் உதிரிபாகப் பட்டியலில் போட்டால் ஆலையிலிருந்து வந்தபோது எந்தப் பெட்டி இருந்தது என்று தெரியும். டொயோட்டா வண்டிகளில் உலோகப் பட்டியிலேயே கியர் பெட்டிக்கென ஒரு வரி உண்டு. அமெரிக்க, கனடியத் தமிழர்கள் ஓட்டும் பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் டாஷ்போர்டு அறைக் கதவின் ஒட்டுச்சீட்டில் எம்30 என்றிருந்தால் 4எல்60-இ, எம்டி1 என்றிருந்தால் 4எல்80-இ. சீட்டு கிழிந்துபோன வண்டியில் அங்குள்ள மெக்கானிக்குகள் கீழே படுத்து ஆயில் சம்ப்பின் போல்ட்டுகளை எண்ணுவார்கள்: முன்னதில் 16, பின்னதில் 17. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் காகிதத்தை மட்டும் நம்ப முடியாது. பெட்டி ஏற்கனவே மாற்றப்பட்டிருக்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் பொறித்த எண்ணையோ ஒட்டிய தகட்டையோ துடைத்துப் படிப்பதே கடைசி அத்தாட்சி.

பெயர் தெரிந்தால்தான் எந்த எண்ணெய் என்று தெரியும். ஒரு பெட்டிக்கு டெக்ஸ்ரான் 6, இன்னொன்றுக்கு டொயோட்டா டபிள்யூ.எஸ். இரண்டும் சிவப்பாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைப்பது கடைத்தெருவில் சாதாரணம். ஆனால் கிளட்ச் தட்டு எவ்வளவு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உராய்வுச் சேர்மானம் வெவ்வேறு. தவறான எண்ணெய் ஊற்றிய வண்டியில் சில நாட்களிலேயே லாக்-அப் பூட்டும்போது அதிர்வு தொடங்கலாம். 80டபிள்யூ-90 கியர் ஆயிலுக்கு இந்தப் பெட்டியில் இடமே இல்லை.

எண்ணெய் அளவு பார்ப்பதில் இந்த ஊர் வெயிலுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் டிப் ஸ்டிக் கிடையாது. இன்ஜினை ஓடவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, அடியிலுள்ள அளவுத் திருகைக் கழற்ற வேண்டும். எண்ணெய் மெல்லச் சொட்டினால் அளவு சரி. பல பெட்டிகளில் இதை எண்ணெயின் சூடு 40 டிகிரி செல்சியஸையொட்டி இருக்கும்போது செய்யச் சொல்கிறார்கள். சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். மே மாதத்து விருதுநகரில் மதிய நிழலே அந்த அளவைத் தொட்டுவிடும். பட்டறைக்கு ஓட்டி வந்த வண்டியின் எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேலே இருக்கும். சூட்டில் எண்ணெய் விரியும். அளவு குறைந்த பெட்டியிலும் திருகைக் கழற்றியதும் எண்ணெய் கொட்டும். கூடுதலாக இருக்கிறது என்று எண்ணி வழிய விட்டுவிட்டு மூடினால், ஆறியபின் பெட்டி பட்டினியில் நிற்கும். எனவே வண்டியை இரவே பட்டறையில் விட்டு, விடிகாலையில், ஸ்கேனரில் எண்ணெய்ச் சூட்டைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது.

சொட்டிய எண்ணெயை வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுத்து, கருகிய வாடை வந்தால் கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. ரோஸ் மில்க் நிறத்தில் கலங்கியிருந்தால் குளிர்நீர் கலந்துவிட்டது என்று பொருள். பல வண்டிகளில் பெட்டியின் எண்ணெய் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் குழாய் வழியே குளிர்ந்து திரும்புகிறது. கூலன்ட் செலவை மிச்சம் பிடித்து போர்வெல் உப்புத்தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் அந்தக் குழாய் அரித்து ஓட்டையாகும். தண்ணீர் பட்ட கிளட்ச் தட்டின் மேலொட்டு ஊறி உரிந்துவரும். அந்த நிலையில் எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண் செலவு. சம்ப்பைக் கழற்றினால் உள்ளேயுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் நெருடும் உலோகத் துணுக்கோ பித்தளை மினுக்கோ தெரிந்தால் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும்.

அடுத்து ஓட்டிப் பார்த்தல். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து ‘டி’-க்கும் ‘ஆர்’-க்கும் மாற்றினால் ஒன்று, ஒன்றரை விநாடிக்குள் பிடிக்க வேண்டும். அதைவிட இழுத்தால் எண்ணெய் குறைவாக இருக்கலாம், அழுத்தம் குறைவாக இருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது இன்ஜின் மட்டும் ரேஸ் ஆகி வண்டி வேகம் எடுக்காமல் இருந்தால் அது ஸ்லிப். நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டிருக்கும்போது மட்டும் வண்டி கிடுகிடுத்தால் லாக்-அப் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும்; அந்த நேரத்தில் பிரேக்கை இடது காலால் லேசாகத் தொட்டதும் பூட்டு விடுபட்டு நடுக்கம் நின்றுவிட்டால் சந்தேகம் வலுக்கும். எவ்வளவு மிதித்தாலும் ஒரே கியரில் வண்டி போனால் கம்ப்யூட்டர் பெட்டியைக் காப்பாற்ற ‘லிம்ப்’ நிலைக்குப் போயிருக்கிறது.

எந்த கியர் போயிற்று என்று கேட்பதைவிட, போன கியர்களுக்குப் பொதுவான கிளட்ச் எது என்று கேட்பது பலன் தரும். பல ஆறு கியர் பெட்டிகளில் ஒரு கிளட்ச் 1 முதல் 4 வரை பிடித்திருக்கும், இன்னொன்று 4 முதல் 6 வரை, மூன்றாவது 3, 5, ரிவர்ஸ் மூன்றிலும். வண்டி முன்னே நன்றாகக் கிளம்புகிறது, மூன்றில் வழுக்குகிறது, ரிவர்ஸும் பிடிக்கவில்லை என்றால் கை நேராக அந்த மூன்றாவது கிளட்சுக்குப் போய்விடும். ரிவர்ஸ் தனிக் கோளாறு, மூன்றாவது கியர் தனிக் கோளாறு என்று இரண்டு பழுதுகளைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் இந்த அட்டவணை வேறு. பெட்டியின் பெயரை முதலில் கண்டுபிடிக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள 16 முனை சாக்கெட்டில் செருகினால் குறியீடுகள் வரும். பி0700 என்பது வெறும் அழைப்பு மணி: கியர் பெட்டியின் கம்ப்யூட்டரில் விவரம் இருக்கிறது, அங்கே போய்ப் பார் என்கிறது. மலிவான ஸ்கேனர்கள் அங்கே போகாமலே நின்றுவிடும். பி0741 லாக்-அப் பூட்டவில்லை என்கிறது. பி0730 சுவாரசியமானது. உள்ளே நுழையும் தண்டின் சுற்றையும் வெளியேறும் தண்டின் சுற்றையும் இரண்டு சென்சார்கள் எண்ணுகின்றன. முதல் கியர் விகிதம் 3.6 என்றால் உள்ளே 3600 சுற்றுக்கு வெளியே 1000 வர வேண்டும். 800 தான் வருகிறது என்றால் எங்கோ வழுக்குகிறது, அல்லது ஒரு சென்சார் தவறாக எண்ணுகிறது. குறியீடு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. ஓடும்போது இரண்டு எண்களையும் பார்த்துப் பிரிப்பது மெக்கானிக்கின் வேலை.

அழுத்தமான சோதனை ஒன்று உண்டு. பிரேக்கை முழுக்க மிதித்து, ‘டி’-யில் போட்டு, ஆக்ஸிலேட்டரை அதிகபட்சம் ஐந்து விநாடி அழுத்தி, இன்ஜின் எத்தனை சுற்று வரை ஏறுகிறது என்று பார்ப்பது. குறித்த அளவைத் தாண்டினால் கிளட்ச் வழுக்குகிறது. குறைந்தால் இன்ஜின் சோர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டேட்டரின் ஒருவழிப் பூட்டு போய்விட்டது. அந்த ஐந்து விநாடியில் இன்ஜின் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது என்பதால் சில தயாரிப்பாளர்கள் இதைச் செய்யவே வேண்டாம் என்கிறார்கள். பட்டாசு ஏற்றிய வண்டியிலோ ஆலை, குடோன் வளாகத்திலோ இந்தச் சோதனைக்கு வேலையில்லை. சரக்கை இறக்கி, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோன பிறகுதான் மற்றது.

பெட்டியை இறக்கும் முன் பெட்டி அல்லாதவற்றை ஒதுக்கிவிட வேண்டும். பேட்டரி இளைத்திருந்தாலோ எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலோ சோலினாய்டுகள் தடுமாறி வண்டி ஜெர்க் அடிக்கும். டர்போ குழாய் கிழிந்தாலும் டீசல் பில்டர் அடைத்தாலும் இழுவை குறையும். குற்றம் கியர் பெட்டியின் தலையில் விழும். குடோனில் கிடக்கும் வண்டியில் எலி கடித்த வயரும் கணக்கில் உண்டு. ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு ஏறும்போது மட்டும் கோளாறு காட்டி, சமவெளியில் சரியாகிவிடும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயின் சூடும் குளிர்விப்பானும். மண்ணும் பூச்சியும் அடைத்த குளிர்விப்பானைத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்ததோடு பிரச்சினை தீர்ந்த வண்டிகளும் உண்டு.

பெட்டியைப் பிரித்து வேலை செய்தாக வேண்டும் என்று முடிவானால், குளிர்விப்பானையும் குழாய்களையும் அலசாமல் திரும்பப் பூட்டக் கூடாது. பழைய பெட்டியின் துகள்கள் அங்கேதான் தங்கியிருக்கும்; புதிய வால்வ் பாடிக்குள் முதலில் போய் அடைப்பவை அவையே. வண்டியை எடுத்துப் போக வேண்டியிருந்தால் பின்சக்கரம் தரையைத் தொடாதபடி, நான்குசக்கர இயக்கமுள்ள வண்டியென்றால் நான்கும் தொடாதபடி, தட்டு லாரியில் ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டரின் பழைய கற்றலை அழித்து, லேசான மிதியில் எல்லாக் கியர்களும் பலமுறை ஏறி இறங்கும்படி ஓட்ட வேண்டும். தேய்ந்த தட்டுகளுக்கு ஏற்ப அது கூட்டி வைத்திருந்த அழுத்தம் புதுத் தட்டுகளுக்கு அதிகம் என்பதால், அழிக்காமல் விட்ட வண்டி முதல் சில நாட்கள் ஒவ்வொரு கியரிலும் உதைக்கும்.